பழைய காரின் இரண்டாவது விலை

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஒரு விலை அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வரிகளும் உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலை அது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கடைக்காரர் மீது எடையளவுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க முடியும். ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய கார் வாங்கச் செல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று. முன்பணம் கொடுத்த பிறகு மேசையில் நீட்டப்படும் தாளில் இருக்கும் விலை வேறொன்று. இடையில் இருக்கும் வித்தியாசத்துக்கு ஆவணக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், பெயர் மாற்றக் கட்டணம், காப்பீட்டு மாற்றக் கட்டணம் என்று ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வெவ்வேறு பெயர்கள் உண்டு.

இந்தக் கட்டணங்களைப் பலரும் அரசு விதிக்கும் கட்டணம் என்றே எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். 'ஆர்.டி.ஓ. செலவு' என்று ஒரு வார்த்தை சொல்லப்பட்டால் அதற்குமேல் கேள்வி கேட்க நமக்குத் தயக்கம். ஆகவே, அரசு உண்மையில் எவ்வளவு வாங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 81-ஆவது விதியில் கட்டணப் பட்டியல் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு இறுதியில் திருத்தப்பட்ட அந்தப் பட்டியலின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான காரைப் பதிவு செய்யக் கட்டணம் 600 ரூபாய். உரிமையாளர் பெயரை மாற்ற அதில் பாதி, அதாவது 300 ரூபாய். பதிவுச் சான்று அட்டை வடிவில் தரப்பட்டால் 200 ரூபாய் கூடுதல். வங்கிக் கடனில் கார் வாங்கப்பட்டால், அந்தக் கடனைப் பதிவுச் சான்றில் குறிப்பதற்கு 1,500 ரூபாய். இவற்றுடன் மாநில அரசின் சேவைக் கட்டணமும் அஞ்சல் செலவும் சேரும். கடனில் வாங்கினாலும் மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ரொக்கமாக வாங்கினால் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கும் உண்டு. கர்நாடகத்திலோ தில்லியிலோ பதிவு செய்யப்பட்ட காரைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது இங்கு ஆயுள்கால வரி கட்ட வேண்டும். காரின் வயதையும் விலையையும் பொறுத்து அது பல ஆயிரங்களாக இருக்கலாம். சில கார்களுக்கு லட்சத்தையும் தொடலாம். 15 ஆண்டுகளைக் கடந்த வாகனம் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் பசுமை வரியும் உண்டு. இவை மெய்யான அரசுக் கட்டணங்கள். வெளிமாநில எண் கொண்ட கார் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கான விடையும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஆனால், உள்ளூர்ப் பதிவு எண் கொண்ட, எட்டு ஆண்டு பழைய காருக்கு எட்டாயிரமோ பத்தாயிரமோ பெயர் மாற்றக் கட்டணம் என்று எழுதப்பட்டால், அதில் பெரும்பகுதி அரசுக் கருவூலத்துக்குப் போவதில்லை.

சென்ற ஆண்டு கோவையில் என் சகோதரியின் மகன் பழைய கார் ஒன்றை வாங்கினான். துணைக்கு நானும் சென்றிருந்தேன். காரின் விலை 4,60,000 ரூபாய் என்று பேசி முடித்து, பத்தாயிரம் ரூபாய் டோக்கனும் கொடுத்த பிறகு ஒரு தாள் வந்தது. ஆவணக் கட்டணம் 6,500, பெயர் மாற்றம் 9,000, காப்பீட்டு மாற்றம் 2,500, சர்வீஸ் 3,000. ஆக, 21,000 ரூபாய் கூடுதல். பெயர் மாற்றத்துக்கான 9,000 ரூபாய்க்கு ரசீது தருவீர்களா என்று கேட்டேன். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுக்கிறதுக்கெல்லாம் ரசீது எப்படி சார் தர முடியும்?" என்று அந்த ஊழியர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாண்டி நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்தக் கட்டணங்களை நீக்குங்கள் என்றால் மறுத்தார்கள். அது கம்பெனி விதி, யாருக்கும் மாற்ற முடியாது என்றார்கள். சரி, அப்படியானால் கார் வேண்டாம் என்று எழுந்தபோது, காரின் விலையில் 15,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கட்டணம் அப்படியே இருந்தது, விலை இறங்கியது. வாங்குபவரின் பைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், அந்தத் தாளில் எழுதப்பட்டவை எந்த வேலைக்கான கூலியும் அல்ல, காரின் விலையிலேயே ஒரு துண்டை வெட்டித் தனியாக வைத்தவைதான் என்பது அதில் வெளிப்பட்டது. உண்மையான செலவு என்றால் அதை ஈடுகட்ட விலையைக் குறைத்திருக்க முடியாது.

அப்படியானால் ஏன் வெட்டி வைக்கிறார்கள்? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல.

முதலாவது, ஒப்பீடு. இன்று பழைய கார் வாங்குபவர் கைப்பேசியில்தான் தேடத் தொடங்குகிறார். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர். விலையை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்க்கிறார். 4,60,000 என்று போட்டவர் மேலே வருகிறார். எல்லாம் சேர்த்து 4,75,000 என்று நேர்மையாகப் போட்டவர் கீழே தள்ளப்படுகிறார். முழு விலையைச் சொல்லும் வணிகருக்கு வாடிக்கையாளரே வருவதில்லை. நாளடைவில் அவரும் விலையைப் பிரித்துப் போடக் கற்றுக்கொள்கிறார். இந்தக் கட்டணங்களால் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல. ஒழுங்காகத் தொழில் செய்ய விரும்பும் வணிகரும் இதில் தோற்கிறார். இதுவே முதன்மையான தீங்கு என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, மனநிலை. டோக்கன் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, வீட்டில் சொல்லி, நல்ல நாளும் குறித்த பிறகு ஒருவர் இருபதாயிரத்துக்காகப் பின்வாங்குவது அரிது. கட்டணங்களைச் சொல்லும் நேரம் தற்செயலானது அல்ல.

மூன்றாவது, வரி. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர் பழைய காரை விற்கும்போது முழு விலைக்கும் வரி கட்டுவதில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே கட்டுகிறார். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், சிறிய கார்களுக்கு 12 சதவீதமாக இருந்த இந்த வரியை உயர்த்தி, எல்லாப் பழைய வாகனங்களுக்கும் ஒரே சீராக 18 சதவீதமாக்கியது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நான்கு லட்சத்துக்கு வாங்கி 4,60,000-க்கு விற்றால் வித்தியாசம் 60,000. வரி 10,800 ரூபாய். வித்தியாசம் கூடினால் வரியும் கூடும். ரசீது இல்லாமல் ரொக்கமாக வாங்கப்படும் கட்டணம் இந்தக் கணக்கில் ஏறாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ரசீது தர மறுப்பவர்களின் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறேன். ஒரு செய்தியை இங்கேயே சேர்த்துவிடுகிறேன்: காரின் முழு விலைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று யாராவது பழைய காருக்குக் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கை விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வணிகர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது, பழைய கடனை முடித்ததற்கான வங்கிக் கடிதத்தைப் பெறுவது, 'எச்.பி. கேன்சல்' செய்வது, நிலுவையில் இருக்கும் இ-சலான்களைத் தீர்ப்பது எல்லாம் உழைப்புதான். அந்த உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. ஒரு காலத்தில் கார் தரகர்கள் இருபுறமும் தரகு வாங்கினார்கள். இத்தனை சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லியே வாங்கினார்கள். 'ஆட்டோ கன்சல்டிங்' பலகை வந்தபோதுகூட கமிஷன் கமிஷனாகவே இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் இழுக்கு ஒட்டியிருந்தது என்பதற்காக இப்போது 'டாக்குமென்டேஷன்' என்கிறார்கள். தரகு என்று சொன்னால் பேரம் பேசலாம். ஆவணக் கட்டணம் என்று சொன்னால் அரசு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுகிறது.

போக்குவரத்து அலுவலகத்தில் 'கொடுக்க வேண்டியிருக்கிறது' என்ற வாதத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். அந்த அலுவலகங்களில் கையூட்டே இல்லை என்று சாதிப்பவன் அல்ல நான். ஆனால், 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் அளித்தால் மட்டுமே விலக்கு. ஆக, 'அங்கே கொடுப்பதற்கு' என்று சொல்லி ஒருவர் பணம் கேட்டால், ஒரு குற்றத்தில் பங்கெடுக்கும்படி நம்மைக் கேட்கிறார் என்று பொருள். அது உண்மையாக இல்லாவிட்டால், அரசு ஊழியரின் பெயரைச் சொல்லித் தன் லாபத்தைக் கூட்டிக்கொள்கிறார் என்று பொருள். இரண்டில் எதற்கும் நாம் பணம் தர வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இந்தக் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் மாற்றக் கட்டணம் என்று ஒன்பதாயிரம் வாங்கிக்கொள்பவர், எந்தத் தேதிக்குள் பெயரை மாற்றித் தருவார் என்று எழுதித் தருவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வாகனத்தை விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்கானவைதான். நடைமுறையில் என்ன நடக்கிறது? விற்பவரிடம் தேதியிடாத படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கார் ஒரு வணிகரிடமிருந்து இன்னொரு வணிகருக்கும், அவரிடமிருந்து மூன்றாமவருக்கும் போகிறது. பதிவுச் சான்றில் பழைய பெயரே நிற்கிறது.

நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை, காரை விற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2007-இல் விற்கப்பட்ட கார் அது. அடுத்தடுத்துப் பல கைகள் மாறியது. 2009-இல் விபத்து நேர்ந்தது. பதிவுச் சான்றில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விபத்தில் பாதிக்கப்பட்டவர்களை ஒருவர் பின் ஒருவராக வாங்கியவர்களைத் தேடி அலையவிட முடியாது என்பது அதன் பின்னணியில் இருந்த நியாயம். நியாயம்தான். ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வாங்கியவருக்கும் இடர் உண்டு. சட்டத்தின் 157-ஆவது பிரிவின்படி, வாகனம் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு புதியவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். ஆனாலும், 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். காருக்கு ஏற்படும் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது. அதை மாற்றாத நிலையில் சுவரில் மோதினால் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில்தான். பழைய உரிமையாளர் விபத்தின்றி ஓட்டியதற்காகப் பெற்ற 'நோ கிளெய்ம்' தள்ளுபடியும் அவருடனேயே போய்விடும். வித்தியாசத் தொகையைப் புதியவர் கட்ட வேண்டும். காப்பீட்டு மாற்றம் என்று எழுதப்படும் தொகையில் உண்மையான செலவு என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இதுதான். அதற்குக் காப்பீட்டு நிறுவனமே ரசீது தரும்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கும் வழி ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2022 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வாகன வணிகர்களுக்கென மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதிய பகுதியைச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் காரை அவரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அந்த வணிகரே காரின் உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், தகுதிச் சான்று புதுப்பித்தல், தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். விற்றவரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி இதனால் அகல்கிறது. கார் விற்கச் செல்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்பதுதான்.

ஆனால், அந்த விதிகளின் நோக்கம் வாகனம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை உறுதி செய்வது. விலையை அறிவிக்கும் முறை அல்ல. அந்த இடைவெளியை நுகர்வோர் சட்டத்தால் ஓரளவு நிரப்பலாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை வளைக்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் அவற்றில் அடங்கும். இணையத்தில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் கட்டத்தில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்ப்பது முதல் வகைக்குள் அப்படியே பொருந்துகிறது. ஓட்டல்களில் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று இதே ஆணையம் 2022-இல் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நூறு ரூபாய் சாப்பாட்டுக்குப் பொருந்தும் நியாயம் காருக்கும் பொருந்த வேண்டும்.

கடன் தரும் நிறுவனங்களை இந்தியா ஏற்கெனவே இந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டது என்பது இதில் ஒரு வேடிக்கை. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரப்படும் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு விகிதமாகக் காட்ட வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தைக் கடன் பெற்றவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பின்னர் வசூலிக்க முடியாது. அதே மேசையில், அதே காருக்கு, கடன்காரர் இந்தத் தாளைக் கொடுக்கிறார். கார் வணிகர் கொடுப்பதில்லை. வணிகரின் கட்டணத்தையும் கடனிலேயே சேர்த்துவிடுவது இன்னொரு வழக்கம். மாதம் இருநூற்றுச் சொச்சம்தானே என்பார்கள். 10,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதத் தவணை 233 ரூபாய் வருகிறது. கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 14,000 கட்டியிருப்போம்.

பிற நாடுகளிலும் இதே நோய் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் ஆவணக் கட்டணத்துக்கு 85 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்சவரம்பே இல்லாத மாநிலங்களும் இருக்கின்றன. நாடு முழுவதுக்குமாக அங்குள்ள வணிக ஆணையம் கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்தது. பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத்தின்படி, தவிர்க்க முடியாத கட்டணம் எதுவாயினும் முதலில் காட்டும் விலையிலேயே அது சேர்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் வாங்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. முதலிலேயே சொல் என்கிறது.

எனக்கு இரண்டாவது வழியே சரியெனப் படுகிறது. உச்சவரம்பு வைத்தால், எல்லாரும் அந்த வரம்பையே கட்டணமாக்கிவிடுவார்கள். அல்லது புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடிப்பார்கள். மாறாக, பழைய வாகன வணிகருக்கு அங்கீகாரச் சான்று தரும்போதே மூன்று நிபந்தனைகளை விதிகளில் சேர்க்கலாம். விளம்பரத்தில் காட்டும் விலை, வணிகர் வாங்கும் எல்லாத் தொகையும் உள்ளிட்டதாக இருக்க வேண்டும். அரசுக் கட்டணம் தனியே, 'பரிவாஹன்' தளம் தரும் ரசீதின்படி மட்டுமே வசூலிக்கப்பட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். தவறினால் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

அதுவரை வாங்குபவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான். டோக்கன் கொடுப்பதற்கு முன், சாவியைக் கையில் வாங்கும் நாள்வரை ஆகும் மொத்தத் தொகையை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பேசிச் சொன்னால் போதாது. பெயர் மாற்றத்தை நானே விண்ணப்பித்துக்கொள்கிறேன், படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் பாதியாவதைப் பல நேரங்களில் காணலாம். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் அங்கே புகார் அளிக்கக் கட்டணம் கிடையாது.